முகத்தில் அடிக்கும் வாயு: சப்ரஸர் பொருத்திய ஏஆர்-15 ரைஃபிளுக்கு எந்தத் தீர்வு பொருந்தும்?

ஏஆர்-15 வகை ரைஃபிளின் குழல்முனையில் முதன்முதலாகச் சப்ரஸர் என்னும் சத்தமடக்கியைப் பொருத்திச் சுடுகிறவர் சத்தம் குறைந்ததை மெச்சி முடிப்பதற்குள் கண் எரியத் தொடங்கிவிடுகிறது. தொண்டையில் அமோனியா போன்ற ஒரு நெடி நிற்கிறது. முப்பது தோட்டா தீர்ந்தபின் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தால் அதில் எண்ணெயும் கரியும் கலந்த நுண்துளிகள் படிந்திருக்கின்றன. இதைப் போக்குவதாகச் சொல்லிச் சந்தையில் பல பொருள்கள் விற்கப்படுகின்றன. பத்து டாலருக்கும் குறைவான சிலிகான் பசை முதல் ஆயிரம் டாலரைத் தாண்டும் புதுவகைச் சப்ரஸர் வரை விலை நீள்கிறது. விலை கூடினால் பலனும் கூடும் என்று எண்ணி வாங்குகிறவர்களே அதிகம். ஆனால் முகத்துக்கு வரும் வாயு ஒரே வழியில் வருவதில்லை. இரண்டு வழிகளில் வருகிறது. ஒரு வழியை அடைக்கும் பொருள் மற்றதைப் பெரும்பாலும் தொடுவதேயில்லை. தம் ரைஃபிளில் எந்த வழி பெரிது என்று அறியாமல் எதை வாங்கினாலும் பாதிப் பணம் வீணாகும் என்பதே என் கருத்து.

இந்தக் கேள்வி பெரும்பாலும் அமெரிக்காவுக்கு உரியது. அங்கே 42 மாநிலங்களில் தனிநபர் சப்ரஸர் வைத்திருக்கலாம். 1934-ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டம் அதற்கு 200 டாலர் வரி விதித்திருந்தது. 2026 ஜனவரி 1 முதல் அந்த வரி சுழியமாகிவிட்டது. பதிவும் பின்னணிச் சரிபார்ப்பும் மட்டும் அப்படியே தொடர்கின்றன. வரி போனதால் புதிதாகச் சப்ரஸர் வாங்குகிறவர்களுக்குத்தான் இந்த ஒப்பீடு முதலில் தேவைப்படும், ஏனெனில் இவர்களுக்கு மட்டுமே எல்லா வாய்ப்புகளும் இன்னும் திறந்திருக்கின்றன.

வாயு வரும் வழிகளைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். 1950-களின் பிற்பகுதியில் ஆர்மலைட் நிறுவனத்தில் யூஜின் ஸ்டோனர் வடிவமைத்த இந்த ரைஃபிளில், குண்டு குழலின் வழியே போகும்போது அதன் பின்னாலுள்ள வாயுவில் ஒரு சிறு பங்கு குழலின் மேற்புறத்துத் துளை வழியாக வெளியேறி, துளையின் மேல் அமர்ந்த கேஸ் பிளாக்கில் திரும்பி, மெல்லிய கேஸ் டியூப் வழியே பின்னோக்கி வந்து, தோட்டாவை அறைக்குள் அடைத்துப் பூட்டும் போல்ட்டைச் சுமந்து முன்பின் ஓடும் போல்ட் கேரியருக்குள் நுழைகிறது. அங்கே போல்ட்டின் வாலுக்கும் கேரியரின் சுவருக்கும் இடையே விரிந்து கேரியரைப் பின்னுக்குத் தள்ளுகிறது. வேலை முடிந்த வாயு கேரியரின் வலப்பக்கத்திலுள்ள இரண்டு சிறு துளைகள் வழியே வெளியேறும்படி ஸ்டோனர் அமைத்திருந்தார். சப்ரஸர் இல்லாத, சரியான அளவில் துளையிட்ட ரைஃபிளில் இந்த ஏற்பாடு குறையின்றி வேலை செய்கிறது.

சப்ரஸரை மாட்டியதும் கணக்கு மாறுகிறது. சத்தத்தை அடக்குவதற்காக அது வாயுவைத் தன் அறைகளுக்குள் பிடித்து மெதுவாக விடுகிறது. அதனால் குண்டு வெளியேறிய பிறகும் குழலுக்குள் அழுத்தம் நெடுநேரம் நீடிக்கிறது. நெடுநேரம் என்று சொன்னாலும் அது சில ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிதான். ஆனால் கேரியர் நகரும் காலமும் அதே அளவுதான். கூடுதல் வாயுவை வாங்கிக்கொண்ட கேரியர் வேகமாகப் பின்வாங்குகிறது, போல்ட் உரிய நேரத்துக்கு முன்பே பூட்டவிழ்கிறது, குழலில் இன்னும் அழுத்தம் இருக்கும்போதே தோட்டாவின் வெற்றுக் கூடு இழுக்கப்படுகிறது. ஆவி அடங்குமுன் குக்கரின் மூடியைத் திறந்ததற்கு ஒப்பான நிலை இது. குழலில் மிஞ்சிய வாயு, தோட்டா அமரும் அறையின் வழியே பின்னோக்கிப் பாய்ந்து, போல்ட் ஓடும் உடற்கூடான ரிசீவருக்குள் நிறைகிறது. இது முதல் வழி.

இரண்டாவது வழி கேஸ் டியூப். கேரியர் பின்னுக்கு நகரும்போது அதன் தலையிலுள்ள, டியூபின் முனையை உள்வாங்கும் கேஸ் கீ அந்த முனையிலிருந்து விலகுகிறது. அந்தக் கணத்தில் டியூபின் வாய் ரிசீவரின் மேற்பகுதிக்குள் திறந்து கிடக்கிறது. குழலில் அழுத்தம் இன்னும் இருப்பதால் டியூப் ஒரு சிறு பீச்சாங்குழலாகி உள்ளே வாயுவைத் தொடர்ந்து கக்குகிறது. அந்த வாய்க்கு நேர் மேலே, போல்ட்டைக் கையால் பின்னிழுக்கும் சார்ஜிங் ஹேண்டிலின் கால்வாய் ஓடுகிறது. கால்வாய் முடிகிற இடம் ரிசீவரின் பின்விளிம்பு. அங்கே ஹேண்டிலுக்கும் ரிசீவருக்கும் இடையில் ஒரு தாள் நுழையுமளவு இடைவெளி உண்டு. கன்னத்தை ஸ்டாக் எனும் தோள்கட்டையில் பதித்துக் குறிபார்ப்பவரின் மூக்கு அந்த இடைவெளிக்கு ஓரிரு அங்குலம் பின்னால்தான் இருக்கிறது. ஆக, இரண்டு வழிகளில் வந்த வாயுவும் ரிசீவருக்குள் ஒன்றுசேர்ந்து, ஒரு பங்கு வெற்றுக் கூடு வெளியேறும் வலப்பக்கச் சாளரத்தின் வழியாகவும், ஒரு பங்கு மேகசினுக்குள்ளும், மீதி நேராக முகத்துக்கும் போகிறது.

பல ரைஃபிள்களில் சப்ரஸர் மாட்டுவதற்கு முன்பே வாயு மிகையாக இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விலை குறைந்த, வலுக்குறைந்த தோட்டாவைப் போட்டாலும் துப்பாக்கி இயங்கியாக வேண்டும் என்பதால், தயாரிப்பாளர்கள் குழலின் துளையைச் சற்றுப் பெரிதாகவே இடுகிறார்கள். இயங்காத துப்பாக்கி திருப்பி அனுப்பப்படும். மிகையாக இயங்குவதைப் பற்றி யாரும் புகார் சொல்வதில்லை. துளையின் விட்டத்தில் சிறிதாகத் தெரியும் வேறுபாடு பரப்பில் பெரிதாகிறது. 0.062 அங்குலத் துளைக்கும் 0.076 அங்குலத் துளைக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணால் காண்பது அரிது. ஆனால் இரண்டாவதன் பரப்பு ஒன்றரை மடங்கு. குட்டையான குழலும் குட்டையான கேஸ் டியூபும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசமாகும், ஏனெனில் துளை அறைக்கு அருகில் இருப்பதால் அங்கே அழுத்தம் அதிகம். கேஸ் டியூபின் கார்பைன் நீளத்தில் துளை அறையிலிருந்து ஏறத்தாழ ஏழு அங்குலத்திலும், மிட் நீளத்தில் ஒன்பதிலும், ரைஃபிள் நீளத்தில் பன்னிரண்டிலும் அமைகிறது.

ஆகவே எதையும் வாங்குமுன் தம் ரைஃபிளின் நிலையை அறிந்துகொள்ள வேண்டும். அதற்குச் செலவில்லை. சப்ரஸரைக் கழற்றிவிட்டுச் சுட்டு, வெற்றுக் கூடுகள் எங்கே விழுகின்றன என்று பாருங்கள். குழல் நோக்கும் திசையைப் பன்னிரண்டு மணி என்று கொண்டால், கூடுகள் மூன்று மணிக்கும் நான்கரை மணிக்கும் இடையில் விழுவது நல்ல அடையாளம். ஒரு மணி, இரண்டு மணி என்று முன்பக்கமாகத் தெறித்து, கூட்டை இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கி அதன் விளிம்பில் கடித்த தழும்பும் ஆழமாக இருந்தால், வாயு மிகை. சப்ரஸர் இல்லாதபோதே இப்படி என்றால், உங்கள் முதல் எதிரி சப்ரஸர் அன்று, குழலின் துளைதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஒவ்வொரு சுடுதலிலும் சீராக வரும் புகைமூச்சைப் பற்றி மட்டுமே இக்கட்டுரை பேசுகிறது. வழக்கத்துக்கு மாறாக ஒரே ஒரு முறை முகத்தில் பலமாக வாயு அறைந்தால், அது தோட்டாவைப் பற்றவைக்கும் பிரைமர் துளைபட்டதாகவோ தோட்டாக் கூடு கிழிந்ததாகவோ இருக்கலாம். உடனே நிறுத்தி, துப்பாக்கியைக் காலி செய்து, குழலில் அடைப்பு இருக்கிறதா என்று பார்த்து, துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் காட்டிய பிறகே மீண்டும் சுட வேண்டும். ஏஆர்-15-இல் வழக்கமாக இடும் 5.56 மில்லிமீட்டர் தோட்டாவின் அறை அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டைத் தாண்டுவது. அதோடு விளையாடக் கூடாது.

இனி வாய்ப்புகள். மிக மலிவானதும் மிக அதிகம் பேசப்படுவதும் சார்ஜிங் ஹேண்டிலைச் சுற்றியுள்ள இடைவெளியை அடைப்பது. பிஆர்ஐ நிறுவனத்தின் கேஸ் பஸ்டர் இந்த வகையில் பழைய பெயர். அதன் பின்பகுதியில் ரிசீவரோடு ஒட்டி அமரும் ஒரு தடுப்பு விளிம்பு உண்டு. ரேடியன் ராப்டர்-எஸ்டி இடைவெளியை அடைப்பதோடு நில்லாமல், ஹேண்டிலில் துளைகள் இட்டு வாயுவைப் பக்கவாட்டில் வெளியேற்றுகிறது. இவை நூறு டாலர் அளவில் கிடைக்கும். இதே வேலையை இயந்திரக் கடைகளில் கிடைக்கும், அதிக வெப்பம் தாங்கும் ஆர்டிவி சிலிகான் பசையைக் கொண்டும் செய்யலாம். காலியாக்கிப் பிரித்த ரைஃபிளின் ஹேண்டிலில் உள்ள எண்ணெயை ஆல்கஹாலால் துடைத்தெடுத்து, பின்புறப் படியோரம் ஒரு மெல்லிய கோடாகப் பசையை இட்டு, அது ரிசீவரோடு ஒட்டிக்கொள்ளாதபடி ரிசீவரின் விளிம்பில் மட்டும் கிரீஸ் தடவி, ஹேண்டிலை மூடி ஒருநாள் விட்டுவிட்டால், இரண்டுக்கும் இடையிலுள்ள வெளியின் அச்சு அப்படியே ரப்பராக இறுகிவிடும். நூறு டாலர் ஹேண்டில் எல்லா ரிசீவர்களுக்கும் பொதுவான அளவில் வருகிறது. பசையோ உங்கள் ரிசீவரின் வடிவத்தையே எடுத்துக்கொள்கிறது. அதனால் அடைப்பதை மட்டும் கருதினால் பசை தாழ்ந்ததன்று. பார்க்க அழகாக இருக்காது, ஓரிரு ஆண்டில் உரிந்துபோகும், அவ்வளவே.

ஆனால் ஹேண்டிலும் பசையும் நோயின் அறிகுறியை மட்டுமே தொடுகின்றன. ரிசீவருக்குள் வரும் வாயுவின் அளவு அணுவளவும் குறையவில்லை. வெளியேறும் வாசல் மட்டும் மாறுகிறது. கேரியர் முன்போலவே மிகை வேகத்தில் அடிக்கிறது, உள்ளே முன்போலவே கரி படிகிறது. இடக்கையால் சுடுகிறவருக்கோ நிலைமை சற்று மோசமாகவும் ஆகலாம், ஏனெனில் பின்வாசல் அடைபட்டால் வாயு கூடு வெளியேறும் சாளரத்தைத் தேடும்; அந்தச் சாளரம் அவருடைய முகத்தின் பக்கமே இருக்கிறது.

கேரியரின் பின்னால் ஓடி அதன் வேகத்தைத் தாங்கும் பஃபரில் கனமானதைப் பலர் இரண்டாவதாகப் பரிந்துரைக்கிறார்கள். அது முகத்துக்கு அதிகம் உதவும் என்று நான் நம்பவில்லை. சாதாரணக் கார்பைன் பஃபரின் எடை 3 அவுன்ஸ்; மிகக் கனமான எச்3 சுமார் 5.4 அவுன்ஸ். கேரியரும் போல்ட்டும் சேர்ந்து ஏறத்தாழ 11.5 அவுன்ஸ் என்பதால், முன்பின் ஓடும் மொத்த எடை 14.5-லிருந்து 17 அவுன்ஸுக்குச் சற்றுக் குறைவாக உயர்கிறது. அதாவது ஆறில் ஒரு பங்கு. கேரியரின் வேகம் குறைந்து, பின்னுதைப்பு மென்மையாகி, உறுப்புகளின் தேய்மானம் குறையும் என்பதில் ஐயமில்லை. பூட்டவிழ்வதும் சிறிது தாமதமாகும். ஆனால் வாயுவின் வரத்து அப்படியே இருக்கும்போது இந்தத் தாமதம் கண் எரிச்சலில் தெரியும் அளவுக்கு இருப்பது அரிது. வேறு காரணத்துக்காக வாங்கினால் நல்லது. இதற்காக வாங்க வேண்டாம்.

நோயின் வேருக்குச் செல்லும் முதல் தீர்வு, துளையிலிருந்து டியூபுக்குள் போகும் வாயுவைக் கட்டுப்படுத்துவது. இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, திருகாணியால் கூட்டிக் குறைக்கக்கூடிய கேஸ் பிளாக். எஸ்எல்ஆர் போன்ற நிறுவனங்களின் பிளாக்குகள் வாயுவின் பாதையைத் திருகால் இறுக்குகின்றன. சூப்பர்லேட்டிவ் ஆர்ம்ஸின் பிளாக் இறுக்குவதோடு, மிகையை முன்பக்கமாக வெளியே கசியவிடும் முறையையும் தருகிறது. மற்றொன்று, உட்துளை சுருக்கப்பட்ட கேஸ் டியூப். பிளாக் ரிவர் டாக்டிக்கல் நிறுவனம் குழலின் நீளத்தையும் துளையின் அளவையும் பொறுத்துத் தெரிவுசெய்யும்படி இவற்றை விற்கிறது. இரண்டும் ஏறத்தாழ நூறு டாலருக்குள் முடிகிற செலவு. கைப்பிடியுறையைக் கழற்றிப் பிளாக்கை எடுத்து மாட்டத் தெரியாதவருக்குப் பழுதுபார்ப்பவரின் கூலியும் சேரும்.

இந்த இரண்டில் எதைத் தெரிவுசெய்வது என்பதே இந்த ஒப்பீட்டின் கடினமான இடம். திருகு வைத்த பிளாக்கின் பெருமை, சப்ரஸரோடும் சப்ரஸரின்றியும் சுடுகிறவருக்கு இரண்டு நிலைகளையும் அது தரவல்லது என்பது. மேகசினில் ஒரே ஒரு தோட்டாவைப் போட்டுச் சுட்டு, போல்ட் பின்னால் நின்று பூட்டிக்கொள்கிறதா என்று பார்த்து, பூட்டாத நிலையிலிருந்து ஒவ்வொரு சொடுக்காகத் திறந்துகொண்டே வந்து, தவறாமல் பூட்டும் நிலைக்கு மேல் ஒன்றிரண்டு சொடுக்கு கூட்டி நிறுத்துவது வழக்கமான முறை. இதை உங்களிடமுள்ள மிக வலுக்குறைந்த தோட்டாவைக் கொண்டே செய்ய வேண்டும். கோடைப் பகலில் வலுவான தோட்டாவுக்காக நுணுக்கமாகத் திருகி வைத்த ரைஃபிள் குளிர்காலக் காலையில் அழுக்கோடு இருக்கும்போது நின்றுபோவது வியப்பில்லை. சிறுமை என்னவென்றால், கரியும் வெப்பமும் சேர்ந்து காலப்போக்கில் அந்தத் திருகை இறுக்கிவிடும். திருக முடியாத திருகு இருந்தும் பயனில்லை. துளை சுருக்கிய டியூபில் அசையும் உறுப்பே இல்லை. மாட்டிவிட்டு மறந்துவிடலாம். எப்போதும் சப்ரஸரோடு மட்டுமே சுடுகிறவருக்கு நான் டியூபையே சொல்வேன். கழற்றி மாட்டுகிறவருக்குத் திருகு பிளாக், அதுவும் சில நூறு தோட்டாக்களுக்கு ஒருமுறை திருகை அசைத்துச் சுத்தம் செய்யும் பொறுமை உள்ளவருக்கு மட்டும்.

இவை இரண்டாவது வழியை நேரடியாகவும், முதல் வழியை ஓரளவுக்கும் குணப்படுத்துகின்றன. டியூப் வழியே வாயு குறைந்தால் கேரியர் மெதுவாக நகரும், போல்ட் தாமதமாகப் பூட்டவிழும், அதற்குள் குழலின் அழுத்தமும் கொஞ்சம் இறங்கியிருக்கும். ஆனால் சப்ரஸரே வாயுவைப் பிடித்துவைத்திருக்கும்வரை குழல் வழியே வருவது முற்றிலும் நிற்காது. பிஸ்டன் வகை ரைஃபிளுக்கு மாறினால் எல்லாம் தீரும் என்று எண்ணுகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். 2007-இல் நார்வே ராணுவம் ஏற்றுக்கொண்ட எச்கே416 போன்ற ரைஃபிளில் வாயு முன்பக்கத்துச் சிலிண்டரிலேயே நின்றுவிடுகிறது, டியூப் வழியே ரிசீவருக்கு வருவதில்லை; உள்ளே கரி குறைவு என்பதும் உண்மை. எனினும் குழலின் வழி அங்கும் திறந்தே இருக்கிறது. வாயு முகத்துக்கு வருவதைக் குறைப்பதற்காக மட்டும் புதிய ரைஃபிள் வாங்குவது செலவுக்கு ஏற்ற பலன் தராது.

முதல் வழியை வேரோடு தொடுவது சப்ரஸரின் உள்ளமைப்பு. ஹைரம் பெர்சி மாக்சிம் 1909-இல் காப்புரிமை பெற்ற காலத்திலிருந்து, வாயுவைத் தடுத்துச் சுழற்றி உள்ளேயே தேக்குவதுதான் பெரும்பாலான சப்ரஸர்களின் முறை. முன்பு ஓஎஸ்எஸ் என்ற பெயரில் இயங்கிய யூட்டா மாநிலத்து ஹக்ஸ்வர்க்ஸ் நிறுவனம், வாயுவைத் தேக்காமல் திருகுசுருளான பாதைகளில் முன்னோக்கியே ஓடவிடும் முறையைப் பரப்பியது. அதன் ஃப்ளோ 556 வரிசை இந்த வகையைச் சேர்ந்தது. ஷ்யூர்ஃபயரின் ஆர்சி3-உம் பின்னழுத்தம் குறைந்ததாகவே விற்கப்படுகிறது. அமெரிக்க ராணுவம் 2022-இல் சிக் சாவர் நிறுவனத்திடமிருந்து புதிய 6.8 மில்லிமீட்டர் ரைஃபிளைத் தெரிவுசெய்தபோது சப்ரஸரையும் அதனோடு சேர்த்தே வாங்கியது. அந்தச் சப்ரஸரும் சுடுகிறவரின் முகத்துக்கு நச்சுவாயு திரும்புவதைக் குறைக்கும்படி வடிவமைக்கப்பட்டது. படைவீரர் ஒவ்வொருவரும் நாள்தோறும் சப்ரஸரோடு சுட வேண்டும் என்றானபின், அவர் சுவாசிப்பது என்ன என்ற கேள்வியை ராணுவமும் தட்டிக்கழிக்க முடியவில்லை.

இந்த வகைக்கு விலை உண்டு, பணத்தில் மட்டுமன்று. முன்னோக்கி விடப்படும் வாயு குழல்முனையில் சத்தத்தையும் பல வடிவங்களில் தீப்பொறியையும் சற்றுக் கூட்டுகிறது. ஆனால் சுடுகிறவரின் காதருகே கேட்கும் சத்தத்தில் கணிசமான பங்கு சாளரத்தின் வழியே வருவது என்பதால், அவருக்கு மட்டும் இது பெரிய இழப்பாகத் தெரியாமல் போகலாம். பக்கத்து இருக்கையில் சுடுகிறவருக்குத் தெரியும். சப்ரஸரைக் குழல்முனையில் பிணைக்கும் ஹக்ஸ்வர்க்ஸின் மவுண்ட் இடப்புறமாகத் திருகும் மரை கொண்டது, சுழன்று செல்லும் வாயு சப்ரஸரைத் தளர்த்தாமல் இறுக்க வேண்டும் என்பதற்காக. ஆகவே கையிலுள்ள பழைய மவுண்டுகள் அதற்கு உதவா. ஏற்கெனவே ஒரு சப்ரஸரைப் பதிவு செய்து வைத்திருப்பவர் இதற்காக மற்றொன்று வாங்குவதை நான் எளிதில் பரிந்துரைக்க மாட்டேன். இன்னும் வாங்காதவருக்கோ இதுவே என் முதல் தெரிவு. ரைஃபிளில் எந்த உறுப்பையும் மாற்றாமல், சப்ரஸர் மாட்டினாலும் கழற்றினாலும் ஏறத்தாழ ஒரே விதமாக இயங்கும் நிலையை வேறெந்தப் பொருளும் தனியாகத் தருவதில்லை.

வாயுத்துளைகளை மாற்றியமைத்த போல்ட் கேரியர்களும் உண்டு. எல்எம்டி, பூட்லெக் ஆகிய நிறுவனங்களின் கேரியர்கள் மிகையைச் சாளரத்தின் பக்கம் வெளியேற்றுகின்றன. ஷ்யூர்ஃபயரின் கேரியர் பூட்டவிழ்வதையே தாமதப்படுத்துகிறது. கேஸ் பிளாக் கைப்பிடியுறைக்குள் ஊசியடித்துப் பொருத்தப்பட்டு, அதைத் தொட முடியாத ரைஃபிள்களுக்கு இவை நல்ல மாற்றுவழி. மற்றவர்களுக்கு டியூபே மலிவு.

எங்கே சுடுகிறோம் என்பதும் தெரிவை மாற்றும். திறந்தவெளியில் மாதம் ஒருமுறை சுடுகிறவருக்கு இது எரிச்சல் தரும் தொல்லை மட்டுமே; பசையும் நல்ல சுற்றடைப்புக் கண்ணாடியும் போதலாம். கூரையிட்ட ரேஞ்சில், அதாவது சுடுபயிற்சிக் கூடத்தில், வாரந்தோறும் சுடுகிறவரின் நிலை வேறு. பெரும்பாலான பிரைமர்களில் ஈய ஸ்டிஃப்னேட் என்னும் ஈயச் சேர்மம் இருக்கிறது. வாயுவோடு கார்பன் மோனாக்சைடும் ஈயத்துகளும் முகத்துக்கு வருகின்றன. ஈயமில்லாத தோட்டாவுக்கு மாறினாலும் முழு விடுதலை இல்லை: நார்வேயில் ஈயமற்ற தோட்டாவைச் சுட்ட வீரர்கள் காய்ச்சலும் குளிர்நடுக்கமுமாக நலம்குன்றிய பிறகு, உருகிய உலோகத்தின் ஆவியைச் சுவாசிப்பவர்களுக்கு வரும் காய்ச்சலோடு ஒப்பிட்டு, செம்பும் துத்தநாகமும் ஆய்வுக்கு உள்ளாயின. இப்படிப்பட்டவர் வாசலை அடைக்கும் தீர்வோடு நிற்கக் கூடாது, ஏனெனில் முகத்துக்கு நேரே வராத வாயுவும் அவர் நிற்கும் அறைக்குள்தான் இருக்கிறது. துளை சுருக்கிய டியூபும் பின்னழுத்தம் குறைந்த சப்ரஸரும் இரண்டுமே அவருக்குத் தேவை. ரேஞ்சின் காற்றோட்டம் சுடுகிறவரின் முதுகிலிருந்து இலக்கை நோக்கிச் செல்கிறதா என்பதையும் அவர் கேட்டறிய வேண்டும்.

10.5, 11.5 அங்குலக் குட்டைக் குழல் வைத்திருப்பவருக்கும் இதே சேர்க்கைதான். ஆனால் அங்கே துளையை அதிகம் சுருக்கினால், சப்ரஸரைக் கழற்றியதும் ரைஃபிள் இயங்காமல் நிற்கும். சுருக்கும் அளவை ஒருபடி தளர்வாகவே தெரிவுசெய்வது நல்லது. மேசையில் சாய்ந்து ஒவ்வொரு தோட்டாவாகத் துல்லியமாகச் சுடுவதே நோக்கம் என்றால், சப்ரஸரைக் கழற்றி ஒரு போல்ட்-ஆக்‌ஷன் ரைஃபிளில் மாட்டிவிடலாம். கையால் திறக்கும்வரை போல்ட் பூட்டியே இருப்பதால் வாயு முன்பக்கமாகவே வடிந்துவிடுகிறது. இடக்கையாளர் இவை எல்லாவற்றிலும் ஹேண்டிலைக் கடைசியில் வைத்து, சப்ரஸரிலிருந்தும் டியூபிலிருந்தும் தொடங்க வேண்டும். ஏஆர்-15 வகையிலேயே சாளரம் இடப்பக்கம் அமைந்த ரிசீவர்களும் விற்கப்படுகின்றன, புதிதாக ரைஃபிள் வாங்கும் இடக்கையாளர் அவற்றை முதலில் பார்க்கலாம்.